கெசியா அக்கா லூஸாகத் தைத்த சட்டை

கெசியா அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். தோள்பட்டையைப் பார்ப்பார். தையல் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறதா என்று கண்ணாலேயே அளந்துவிட்டு, அப்புறம்தான் "வாம்மா, எப்போ வந்தே?" என்பார்.

போன ஜூனில் மூன்று வார விடுப்பில் நெதர்லாந்தின் உத்ரெக்ட்டிலிருந்து திருத்தணிக்கு வந்து, மறுநாள் காலை அவர் கடைக்குப் போனேன். அந்த விசாரிப்பு வரவே இல்லை. இரண்டு விரலால் என் சட்டையின் பக்கவாட்டைப் பிடித்து இழுத்தார். ஒரு கைப்பிடித் துணி கூடவே வந்தது.

"இன்னாம்மா இது? யாருது?"

"என்னுதுதான்க்கா."

"வீட்டுக்காரருது இல்லியா?"

"இல்லக்கா, பொம்பளைங்க சட்டைதான். இப்பல்லாம் அங்க இப்படித்தான் போடறாங்க."

"ஏன், அந்த ஊர்ல டெய்லரு கெடையாதா?"

உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் கணவர் ஜெபதாஸ் அண்ணன், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். "இருப்பான்டி. குளுரு தாங்காம சீக்கிரம் கடையைச் சாத்திட்டு போயிருப்பான். பாதி தைச்சது போதும்னு குடுத்துட்டிருப்பான்."

என் சட்டையின் தோள் தையல் கிட்டத்தட்ட முழங்கை வரை இறங்கியிருந்தது உண்மைதான். கையை மூன்று மடிப்பு மடித்தால்தான் விரல் வெளியே தெரியும். அங்கே ஆபீசில் பாதிப் பெண்கள் இப்படித்தான் வருகிறார்கள். உடம்பைப் பிடிக்காத துணிக்குள் இருந்தால் எனக்குக் கொஞ்சம் படபடப்பு குறைகிறது. வீட்டைப் பூட்டினேனா, பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா என்று நாளுக்கு நாலு தடவை பார்க்கிற ரகம் நான். இதையெல்லாம் கெசியா அக்காவிடம் விளக்க முடியுமா? "படபடப்புக்கு டாக்டர்கிட்ட போ, சட்டையை எங்கிட்ட குடு" என்பார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைப்படிக்குப் போகிற வழியில் ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு கண்ணாடி, சுவரில் இயேசு காலண்டர். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் நாள் முழுக்க வாசலைத் தாண்டிப் போகும். அந்தக் கூட்டத்திலும் அக்காவின் கண் தோள்பட்டைகளைத்தான் எண்ணும். "நீலப் பொடவை, எடது பக்கம் ஏறிகினு இருக்குது. யாரு தைச்சாங்களோ" என்று தானாகப் பேசிக்கொள்வார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு கடையிலேயே சாட்சி மாட்டியிருக்கிறது. அது அவருடைய கல்யாணப் போட்டோ. மணவூரில், ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவரின் கடைசி மகள் அவர். அரக்கோணத்தில் மிஷன் நடத்திய தையல் வகுப்பில் ஒரு வருஷம் படித்தவர். என்றாலும் கல்யாண ஜாக்கெட்டைத் தானே தைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். வேறு யாரோ தைத்தது லூஸ். பாதிரியார் ஜெபம் சொல்லச் சொல்ல தோள் நழுவிக்கொண்டே வந்தது. போட்டோவில் இருபத்தோரு வயதுக் கெசியா ஒரு கையில் பூச்செண்டோடும், இன்னொரு கையால் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டும் நிற்கிறார். பார்ப்பவர்கள் வெட்கம் என்று நினைப்பார்கள்.

"அன்னிக்கு முடிவு பண்ணேன்" என்பார் அக்கா. "என் கையால எவ ஒருத்திக்கும் துணி நழுவக் கூடாது."

முப்பது வருஷமாக நழுவவில்லை. கிழக்கே திருவாலங்காடு, மேற்கே பள்ளிப்பட்டு வரைக்கும் அளவு ஜாக்கெட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு பெண்கள் வருவார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். அவர்களோடு தெலுங்கில் பேசுவார். இன்னொரு வழக்கமும் உண்டு. எவ்வளவு பிடித்துத் தைத்தாலும் மிச்சத் துணியை வெட்டி வீச மாட்டார். மடித்து உள்ளே விட்டு, மேலே மூன்று வரிசை தையல் ஓட்டி வைப்பார். கல்யாணமாகி உடம்பு போட்டால் ஒரு வரிசை பிரிக்கலாம். பிள்ளை பெற்றால் இன்னொன்று. அவர் தைத்த ஜாக்கெட்டுக்குள் ஒரு பெண்ணின் வருங்காலமே மடிந்து கிடக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் சித்தப்பா மகள் கவிப்பிரியா லூஸ் சட்டை தைக்கக் கொடுத்திருந்தாள். யோசனை சொன்னது நான். அதனால்தான் எனக்குப் பயம்.

கவிப்பிரியா எம்.காம். முடித்துவிட்டு, பெண்களுக்கான தொளதொளச் சட்டைகளை போனில் படம் போட்டு விற்க ஆரம்பித்தவள். அம்மையார்குப்பத்துத் தறியிலிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணி எடுப்பாள். முதல் நாற்பது சட்டையை யாரிடம் தைக்கக் கொடுக்கலாம் என்று என்னிடம் போனில் கேட்டபோது, "கெசியாக்கா இருக்காங்களே" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். சட்டைக் கழுத்தில் வைக்க நூறு லேபிள் நெய்து வாங்கினாள். கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து: கெசியா, திருத்தணி.

அந்த லேபிளைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அக்கா பழைய அக்காவாக இல்லை என்று ஜெபதாஸ் அண்ணன் சொன்னார். அக்கா ஒன்றை எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார். கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் அதையும் எடுத்துப் பார்ப்பார்.

"ரெடிமேடு சட்டை ஆல்ட்ரேசனுக்கு வருமில்ல ஷாலினி, காலரைப் பிரிக்கிறப்போ லேபிளையும் பிரிப்பேன். திரும்ப அதே எடத்துல, நூலு கூட மாறாம வச்சுத் தைப்பேன். எவன் எவன் பேரையோ தைச்சிருக்கேன். இந்த ஊர்ல பாதிப் பேரு ஒடம்பு மேல நான் இருக்கேன். ஆனா யாரு மேலயும் என் பேரு இல்ல."

இதைச் சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் மாதிரிச் சட்டை நான் வருவதற்கு முன்பே தயாராகியிருந்தது. கவிப்பிரியா போட்டுப் பார்த்தாள். அழகான சட்டைதான். இடுப்பில் லேசாகப் பிடித்து, தோள் தோளிலேயே உட்கார்ந்து, கல்யாண வரவேற்புக்கே போட்டுக்கொண்டு போகலாம் போல இருந்தது.

"ஆன்ட்டி, நான் லூஸா கேட்டேன்."

"லூஸாத்தான்டி இருக்குது. மூச்சு விட முடியுது இல்ல?"

"தோளு இங்க வரைக்கும் எறங்கணும் ஆன்ட்டி. கைக்குழி ஆழமா இருக்கணும். ஒடம்பு தொளதொளன்னு தொங்கணும். கழுத்து மட்டும் நழுவாம கரெக்டா நிக்கணும்."

"கழுத்து கரெக்டா இருந்தா தோளு ஏன்டி எறங்கப்போவுது?"

நான் ஊர் வந்து சேர்ந்தபோது பேச்சு இந்த இடத்தில் நின்றிருந்தது. இரண்டு பேரையும் சமாதானப்படுத்த என் சட்டையையே கழற்றிக் கொடுத்தேன். "இதைப் பாத்து அப்படியே தைங்கக்கா. இதுதான் மாதிரி." அது ஒரு திங்கட்கிழமை.

புதன்கிழமை போய்ப் பார்த்தால், கவிப்பிரியாவின் புதுச் சட்டை ஹேங்கரில் தொங்கியது. பக்கத்தில் என் சட்டை, இஸ்திரி மடிப்போடு. புதுச் சட்டையைக் கவிப்பிரியா போட்டாள். போன தடவைக்கு ஒரு நூலிழை பெரிதாக இருக்கலாம். அவ்வளவுதான். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத் துணி, மடிந்து, மூன்று வரிசை தையலோடு பத்திரமாக இருந்தது.

"ஆன்ட்டி, வெளிய இருக்க வேண்டிய சட்டை எல்லாம் உள்ள இருக்குது!"

"பெருசாத்தான்டி வெட்டுனேன். கர்த்தர் சத்தியமா, ஷாலினியோட சட்டையை வச்சு அளந்து, கோடு போட்டு வெட்டுனேன். மெஷின்ல வைக்கறப்போ கை தானா உள்ள போவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அதற்குள் நான் என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் ஏதோ தப்பாகப் பட்டது. கண்ணாடியைப் பார்த்தேன். தோள் தோளில் இருந்தது. கை மணிக்கட்டோடு நின்றது. பக்கவாட்டில் பிடிக்க ஒரு சிட்டிகைத் துணி கூடக் கிடைக்கவில்லை.

"அக்கா. இது மாதிரிக்குக் குடுத்த சட்டை."

அக்கா என்னைச் சுற்றிவந்து முதுகுப் பக்கம் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"அளவெடுத்து முடிச்சதும் சும்மாதானே கெடந்துச்சு. பாக்க மனசு கேக்கல. ஃபாரின்லேர்ந்து வந்த புள்ள, நாலு பேரு பாக்கறாங்க. ஆசையா புடிச்சுக் குடுத்தேன். நல்லா இல்ல?"

கவிப்பிரியா ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ஜெபதாஸ் அண்ணனும் சேர்ந்துகொண்டார். "அடுத்த வாட்டி கூடாரத்தைக் கொண்டாந்து குடுங்க. அதையும் ஜாக்கெட்டா ஆக்கிடுவா." எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கவிப்பிரியா சிரித்து முடித்துவிட்டு, மெதுவாக, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆன்ட்டி, சனிக்கிழமை போட்டோ எடுக்க ஆள் வருது. திருப்பூர்ல ஒருத்தங்க தைச்சுத் தரேன்னு சொல்லிகினு இருக்காங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் பாக்கலாம். சரிப்படலன்னா... துணியை நான் வந்து எடுத்துக்கறேன்."

"லேபிளு?" என்றார் அக்கா.

"அவங்க தைச்சா அவங்களே ஏதாவது வச்சுக்குவாங்க ஆன்ட்டி."

அக்கா கண்ணாடிக்கூட்டைத் திறந்தார், மூடினார்.

அப்புறம் இரண்டு நாள் அக்காவின் கவலையையும் சேர்த்து நானே பட்டேன். அந்தச் சமயத்தில் அக்காவுக்குக் கவலைப்பட நேரமே இல்லை. ஜூன் மாதம் தையல்காரர்களின் அறுவடைக் காலம். பள்ளிக்கூடங்களில் துணியைக் கொடுத்துவிடுவார்கள், தைப்பது அவரவர் பாடு. கடை முழுக்க யூனிபார்ம் துணி. வியாழக்கிழமை நான் போனபோது அக்கா ஊதா நிற ஸ்கர்ட்களின் நடுவில் கழுத்து வரை புதைந்திருந்தார். காஜா எடுக்கக்கூட நேரமில்லை என்பதால் பட்டன் வைக்கிற வேலையை என்னிடம் தள்ளினார். நான் வைத்த நாலு பட்டனையும் பிரித்து மறுபடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ஆறாம் வகுப்பில் சேரும் மகளோடு யூனிபார்ம் வாங்க வந்தார். பெண்ணின் பெயர் அம்மு. போட்டுப் பார்க்கச் சொல்லித் தடுப்புக்குப் பின்னால் அனுப்பினார் அக்கா. அந்த அம்மா தெலுங்கில் ஒருமுறை ஞாபகப்படுத்தினார்:

"பெரிகே பில்ல, அக்கா. வதுலுகா குட்டேரா?"

வளர்ற பொண்ணு, லூஸாத் தைச்சீங்களா என்பதுதான் கேள்வி. இந்த ஊரில் தமிழோ தெலுங்கோ, ஜூன் மாதத்தில் எல்லா அம்மாக்களும் இதைத்தான் கேட்பார்கள். நானும் ஆறாவதில் இதே கடையில் தைத்த சட்டையை ஒன்பதாவது வரை போட்டவள்தான்.

அம்மு வெளியே வந்தாள். சட்டைத் தோள் கைக்குப் பாதி வழி இறங்கியிருந்தது. அரைக்கை முழங்கையைத் தாண்டியிருந்தது. உடம்பைச் சுற்றி இன்னொரு அம்மு நுழைகிற அளவுக்கு இடம். ஆனால் மேல் பட்டன் போட்டு, டை கட்டி, கழுத்து மட்டும் சிக்கென்று நின்றது. அவள் இரண்டு கையையும் ஸ்கர்ட் பாக்கெட்டில் விட்டு, கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். ரொம்பப் பிடித்துவிட்டது போல, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு வருசம் வரும்" என்று அக்கா வழக்கம்போல் சொல்லி, இன்னொரு செட்டைப் பையில் போட்டுக் கொடுத்து, அடுத்த துணியை எடுத்தார். அம்மாவும் பெண்ணும் இறங்கிப் போனார்கள். சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அம்மு அதைப் போட்டபடியே போனாள். அக்காவின் கண் பழக்கப்படி அவள் தோள்பட்டையின் பின்னாலேயே போயிற்று.

கத்தரி நின்றது.

"யோவ்" என்றார் கணவரிடம். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுய்யா. ஓடு!"

ஜெபதாஸ் அண்ணன் செருப்பு போடாமல் ஓடினார். மொட்டைத் தலைகளுக்கு நடுவில் "பாப்பா, ஏ பாப்பா!" என்று அவர் குரல் கேட்டது. ஏதோ துணி மாறிவிட்டது என்று பயந்து அந்த அம்மா திரும்ப வந்தார். அக்கா அம்முவை நிறுத்தி, இஞ்ச் டேப்பை எடுத்து, தான் தைத்த சட்டையைத் தானே புதிதாகப் பார்ப்பது போல் அளந்தார். தோள் எவ்வளவு தள்ளி, கைக்குழி எவ்வளவு ஆழம், கழுத்து எவ்வளவு. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் பலகையில் எழுதினார்.

"நானா தைச்சேன் இதை?"

"வேற யாரு?" என்றேன்.

"கை உள்ள போவவே இல்லியே ஷாலினி!" என்னைப் பிடித்து உலுக்கினார். "முப்பது வருசமா ஜூன் மாசம் பூரா லூஸாத்தான் தைச்சிகினு இருக்கேன். எனக்கே தெரியல பாரு!" அம்முவின் கன்னத்தைக் கிள்ளி, தட்டிலிருந்த முறுக்கில் இரண்டை எடுத்து அவள் கையில் கொடுத்து அனுப்பினார். "அந்தக் கவியைக் கூப்பிடு, ஒடனே வரச் சொல்லு."

துணியை எடுத்துப்போகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, கவிப்பிரியா வாடிய முகத்தோடு ஸ்கூட்டியில் வந்தாள். அக்கா அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்.

"எத்தனாவது படிக்கிறே?"

"ஆன்ட்டி, நான் எம்.காம். முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சு."

"இல்ல. ஆறாவது. சொல்லு."

"ஆறாவது" என்றாள் அவள், என்னைப் பார்த்துக்கொண்டே.

"ஆங். வளர்ற பொண்ணு. நாலு வருசத்துக்கு இதேதான் போடணும், வேற எடுக்க மாட்டோம்." அளவெடுத்துவிட்டு மேசைக்குப் போனார். துணியை விரித்தார். கத்தரியை வைத்ததும் கை மறுபடி தயங்கியது.

"பின்னாடி அம்மாக்காரி நிக்கணும்" என்றார் அக்கா. "நின்னு நச்சரிச்சுகினே இருக்கணும். அப்போதான் கை விடும். யோவ், வா இங்க."

ஜெபதாஸ் அண்ணன் துண்டை முக்காடு மாதிரி தலையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார். குரலை மெல்லிசாக்கிக்கொண்டார்.

"வளர்ற பொண்ணுக்கா. இன்னும் கொஞ்சம் விடுங்க."

கத்தரி நகர்ந்தது.

"போன வருசம் தைச்சது ஆறே மாசத்துல சின்னதாப் போச்சுக்கா. தோளைத் தாராளமா விடுங்க."

"சரிம்மா, சரி" என்றார் அக்கா, உண்மையிலேயே ஒரு வாடிக்கையாளரிடம் சொல்வது போல.

"அப்பன் ஒசரம் வரும்க்கா இது. இவ தங்கச்சியும் போடணும். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆற வரைக்கும் வரணும்..."

"யோவ், போதும்யா!"

மெஷினில் வைத்தபோதும் அவர் விடவில்லை. பக்கத்தில் நின்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அக்காவின் கை ஒரே ஒருமுறை உள்ளே திரும்பப் பார்த்தது. "அக்கா, புள்ள வளருது!" என்று அண்ணன் ஒரு கத்து கத்தினார். கை திரும்பி நேரே போயிற்று. வாசலில் பூக்கட்டுகிற அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாங்க, சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தரை மணிக்குச் சட்டை முடிந்தது. கவிப்பிரியா தடுப்புக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்து அசையாமல் நின்றது. தோள் கையின் பாதியில் வந்து தளர்ந்து விழுந்தது. கட்டங்கள் உடம்பில் ஒட்டாமல், மடிப்பு மடிப்பாக இறங்கின. அவள் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டாள். கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். மதியம் அம்மு சுற்றிய அதே சுற்று.

அக்கா கிட்டே போனார். இரண்டு விரல் தானாக நீண்டு பக்கவாட்டைப் பிடித்தது. கைப்பிடி நிறையத் துணி. நாங்கள் மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்தோம். அக்கா ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருந்தார். அப்புறம் விட்டுவிட்டார். துணி ஆடிப் போய்த் தன் இடத்தில் நின்றது.

"அசிங்கமாத்தான் இருக்குது" என்றார். "ஆனா நல்லா இருக்குது."

"ஆன்ட்டி, கழட்டித் தரேன். லேபிள் வைங்க" என்றாள் கவிப்பிரியா.

அக்கா கண்ணாடிக்கூட்டைத் திறந்து, அதிலிருந்த லேபிளை எடுத்தார். பெட்டியிலிருக்கிற மற்றதில் ஒன்றை எடுக்கவில்லை. மெஷினில் போடாமல் கையாலேயே தைத்தார். ஒரு பக்கம் கோணல் என்று பிரித்தார். மறுபடி தைத்து, மறுபடி பிரித்தார். ஊரான் பேரையெல்லாம் ஒரே தடவையில் நேராக வைத்த கை, மூன்றாவது தடவைதான் ஒத்துக்கொண்டது.

நாற்பது சட்டையும் நான் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஜெபதாஸ் அண்ணன் நச்சரித்தாக வேண்டும் என்று இல்லை. பத்துக்கு மேல் போனதும், "வளர்ற பொண்ணு, வளர்ற பொண்ணு" என்று அக்கா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டால் போதுமாக இருந்தது. படம் போட்ட முதல் வாரத்திலேயே பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கேட்டுவிட்டார்களாம். யார் யார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கவிப்பிரியா அனுப்புகிற படங்களை அக்கா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். முகம் இல்லை, தோள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா என் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "உன்னுதைப் பிரிச்சு லூஸாக் குடுத்துடறேம்மா. நான்தானே கெடுத்தேன்" என்றார். மறுநாள் காலை பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பெட்டியின் எடையை ஐந்தாவது தடவையாகப் பார்க்கிற அவசரத்தில் நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

உத்ரெக்ட்டில் வந்து பிரித்தேன். சட்டை ஒரு நூல்கூட லூஸாகவில்லை. தோள் தோளில்தான் இருந்தது. கழுத்தில், இருநூறு யூரோ கொடுத்து நான் வாங்கிய அந்தக் கம்பெனியின் பெயர் இருந்த இடத்தில், கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து: கெசியா, திருத்தணி.

உடனே போன் செய்தேன்.

"அக்கா, லேபிளை மாத்திட்டீங்களே!"

"பின்ன? பிரிக்கலாம்னுதான் ஒக்காந்தேன். மனசு வரல. அவன் குடுத்தது வெறும் துணிம்மா. அதைச் சட்டையா ஆக்குனது யாரு?"

"அப்ப அவங்க லேபிள்?"

"நான் எதையாவது வெட்டி வீசியிருக்கேனா? உள்பக்கம் திருப்பிப் பாரு. சைடுல."

திருப்பிப் பார்த்தேன். மூன்று விரல் அகலத் துணி மடிந்து, மூன்று வரிசை தையலோடு இருந்தது. அந்த மடிப்புக்குள், நூல்கூட மாறாமல், கம்பெனிக்காரரின் பெயர் நேராகத் தைத்து வைக்கப்பட்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் அக்கா. "எப்பனா வேணும்னா ஒரு வரிசை பிரிச்சுக்கோ."

பின்னாலிருந்து மெல்லிசுக் குரலில் யாரோ கத்துவது கேட்டது. "வளர்ற பொண்ணுக்கா! பிரிச்சு விடுங்கக்கா!"

"யோவ், சும்மா இருய்யா" என்றார் அக்கா.